மிளகு விலைக்கு ஒரு திருத்தம்

1

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் முடிந்துவிட்டது. அதை எனக்கு ஞாபகப்படுத்தியது மனைவியுமில்லை, மகளுமில்லை. தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் உத்தியோகத்தர்தான். நம் நாட்டின் பெயர் மாறிவிட்டதால் பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கப் போயிருந்தேன். லண்டனுக்கு நாலு மணி நேர ரயில், அங்கே மூன்று மணி நேர வரிசை. மாத்தளை அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்ற அதே நிற்பு, குளிர் மட்டும்தான் கூட.

உத்தியோகத்தர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "தொழில், பத்திரிகை ஆசிரியர்னு போட்டிருக்கு. அதுக்கு அத்தாட்சி ஏதும் கொண்டு வந்தீங்களா?"

"பத்திரிகை இப்ப இல்லீங்க."

"அப்ப இங்க என்ன வேலை செய்றீங்க?"

ஒரு சிறு நகரத்து வாரப் பத்திரிகைக் கந்தோரில், கவுண்டரில் நின்று வரி விளம்பரம் எழுதி வாங்குகிற வேலை என்றேன். "அப்ப கிளார்க்தானே," என்று எழுதிக்கொண்டார். ஒரே சொல்லில் ஆளை முடித்துவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கால் வலிதான் இருந்தது.

பிறகு மனிதர் கொஞ்சம் இளகி, "ஏன் உங்க பேப்பர் நின்னுச்சு?" என்று கேட்டார். ஆறு வருடமாகச் சொல்லிவரும் பதிலையே அவருக்கும் சொன்னேன். "கடதாசிக்குக் கட்டுப்பாடு வந்துச்சுங்க. கடதாசி இல்லாம என்னத்த அச்சடிக்கிறது?" அவர் நாக்கைத் தட்டி 'த்சு' என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடதாசி இல்லாமல் செத்த பத்திரிகை என்றால் யாருக்கும் இரக்கம் வரும். அதை நடத்தியவனுக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

அந்தப் பதில் பொய். இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் எனக்கு எழுதியிருந்தார்: "மாத்தளையில் சிலர் மறுபடி ஊர்ப் பத்திரிகை ஒன்று தொடங்கப் பார்க்கிறார்கள். வருமானத்துக்கு என்ன வழி, வாசகனை எப்படிப் பிடிப்பது, வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று நாலு குறிப்பு எழுதி அனுப்புங்கள்." வழி சொல்ல நான் யார்? ஆனால் வழி தவறியதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

2

நான் இருக்கும் ஊர் இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும் ஊர். காலை எட்டரைக்குப் பஸ், ஒன்பதுக்குக் கவுண்டர். பழைய நாற்காலி விற்பவர்கள், பூனையைத் தொலைத்தவர்கள், தகப்பனைப் புதைத்துவிட்டு மரண அறிவித்தல் போட வருகிறவர்கள், எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். சொல்வதைத் துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே அனுப்புவேன். ஆறு வருடமாகியும் தலையாட்டுவதில் பிழை விடுகிறேன். 'ஆம்' என்று நம் ஊர் ஆட்டம் ஆட்டினால், முடியாது என்கிறான் என்று நினைத்துக் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

மிஸிஸ் ஹோல்ட் என்றொரு விதவை. தேவாலய மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை நடத்துகிறவர். போன மாரியில் விளம்பரம் கொடுக்க வந்தார். சனிக்கிழமை ஒரு மணிக்கு விற்பனை என்றார். நான் மூன்று மணி என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்றால் ஒரு காரணமும் இல்லை, களைப்பு. மண்டபம் மூன்று மணிவரைதான் அவர்களுக்கு. ஒரு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் காத்திருந்திருக்கிறார்கள், நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ஊரே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றிருக்கிறது.

திங்கட்கிழமை காலை கண்ணாடிக்கு வெளியே மிஸிஸ் ஹோல்டின் குடை தெரிந்தபோது என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். சொல்லவேண்டியது நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது: "அச்சில் பிழை வந்துவிட்டது அம்மா." அல்லாஹ்வே, எவ்வளவு சுலபமாக வந்தது! நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஆசிரியர் வந்து, துண்டை எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தார். பிழை எங்களுடையது, இரண்டாம் பக்கத்தில் போடுகிறோம் என்றார். பெரிய நல்ல மனிதர் என்று நினைக்கவேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவேயில்லை.

அந்த வாரமே இரண்டாம் பக்கத்தில் வந்தது. நேரம் பிழையாக வெளிவந்தது, அது எங்கள் கவுண்டரில் நடந்த பிழை, தேவாலயத்தாரின் பிழையல்ல என்று மூன்று வரி. பழைய சட்டையும் உடைந்த தேநீர்க் கோப்பையும் விற்கிற விற்பனைக்கு ஒரு திருத்தம்! இப்படி வாராவாரம் தன் பிழையைத் தானே அச்சடிக்கிற பத்திரிகையை எவன் வாங்குவான் என்று நான் நினைத்தேன்.

மிஸிஸ் ஹோல்ட் வாங்கினார். அடுத்த விற்பனைக்கும் என்னிடமே வந்தார், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு. வேறு பத்திரிகைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "மண்டபத்துப் பெண்கள் எல்லோரும் என்னைத்தான் குறை சொன்னார்கள். பேப்பரில் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு நான் எதற்கு வேறு இடம் போகவேண்டும்?" என்றார். நான் துண்டை எழுதி, இரண்டு தடவை வாசித்துக் காட்டி அனுப்பினேன். 

3

எங்கள் பத்திரிகையின் பெயர் 'மாத்தளைச் சேதி'. நாலு பக்கம், சனிக்கிழமை தோறும். வாப்பா விட்டுப்போன பணத்தில் நான் ஒரு பழைய ட்ரெடில் அச்சு யந்திரம் வாங்கினேன். எழுதுவது நான், அச்சுக் கோப்பது ராமையா. என் வயதுதான். ஏலக்காய்த் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, கண்டியில் அச்சகமொன்றில் தொழில் பழகியவர். ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாரத்தில் நாலு நாள் பத்திரிகை வேலை, மிச்ச நாளில் அதே யந்திரத்தில் கலியாணக் காட்டு, அதாவது அழைப்பிதழ், அடித்துக்கொள்வார், அந்த வருமானம் அவருக்கு. அப்படித்தான் எங்கள் ஒப்பந்தம். என்னை 'மொதலாளி' என்று கூப்பிடுவார், கேலியாகத்தான். ஒரு நாள் யந்திரத்துக்கு மை வாங்கக் காசில்லாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, "மொதலாளி, நீங்க வேணும்னா எங்கிட்ட கைமாத்து வாங்குங்க, நான் உங்ககிட்ட சம்பளம் கேக்குறேன். கணக்கு சரியாப் போயிரும்," என்று சிரித்தார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நம் ஊர் முதலாளிமார் சாமானுக்கு விளம்பரம் போடமாட்டார்கள். 'எங்களிடம் மலிவு' என்று அச்சில் போடுவது அவர்களுக்கு வெட்கம். கடை நொடித்துவிட்டது என்று ஊர் நினைக்குமாம். ஆனால் வாழ்த்துப் போடுவார்கள். தைப்பொங்கலுக்கு வாழ்த்து, நோன்புப் பெருநாளுக்கு வாழ்த்து, மாசி மகத் தேருக்கு வாழ்த்து. பின்பக்கத்து விளம்பரம் ஒன்றைத் தவிர எங்கள் வருமானமே வாழ்த்துத்தான். அதிலும் ஒரு புடவைக் கடைக்காரர் மற்றவருக்குக் கீழே வரச் சம்மதிக்கமாட்டார். ராமையா இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நூல் பிடித்து ஒரே உயரத்தில் பெட்டி கட்டுவார். அப்படியும் ஒருவர் வந்து, "எனக்கு ஏன் இடது பக்கம்?" என்று கேட்டார்.

வாழ்த்துப் பார்க்க யாரும் பத்து சதம் கொடுத்துப் பத்திரிகை வாங்குவதில்லை. கூட்டச் செய்திக்கும் வாங்குவதில்லை. கூட்டம் நடந்த கதையெல்லாம் பத்திரிகை வரும் முன்னே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மையத்து அறிவித்தல் போட்டு வளரலாம் என்று பார்த்தால் எங்கள் ஆட்கள் காலையில் மௌத்தானால் பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கிவிடுகிறார்கள், சனிக்கிழமைவரை யார் காத்திருப்பார்? வாசகனைக் கொண்டுவந்தது மூன்றாம் பக்கத்து விலைப் பட்டியல் ஒன்றுதான். மிளகு, கொக்கோ, ஏலம், கராம்பு, சாதிக்காய், பாக்கு. அந்த வாரம் மாத்தளையில் இறாத்தல் என்ன விலைக்குப் போனது என்று போடுவோம்.

அதைக் கடைக்காரனிடம் கேட்டுப் போடுவது எவருக்கும் முடியும். ராமையா ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார். "வாங்குறவன்கிட்ட கேட்டா அவன் குறைச்சுத்தான் சொல்லுவான் மொதலாளி. வித்துட்டு வெறும் சாக்கோட பஸ்ஸுக்கு நிக்கிறான் பாருங்க, அவன்கிட்ட கேளுங்க." அப்படியே செய்தேன். வியாழனும் வெள்ளியும் பஸ் நிலையத்தில் நின்று, வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிற ஆட்களாகப் பார்த்து, நாவுலப் பக்கம் போகிறவர், யட்டவத்தப் பக்கம் போகிறவர் என்று நாலைந்து பேரிடம் கேட்பேன். ஒரு வருடத்தில் எங்கள் விலை என்றால் விலை என்றாகிவிட்டது. தரகர்கள் ஊருக்குள் வந்து வாயில் வந்ததைச் சொன்னால், "சேதியில வேற போட்டிருக்கே," என்று சனம் திருப்பிக் கேட்க ஆரம்பித்தது.

யட்டவத்த வழியில் ஒரு கிராமத்தில் காசிம் நானா என்றொருவர். பலா மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி கொஞ்சம், பாக்கு கொஞ்சம். அவரைச் சுற்றியிருந்த வீடெல்லாம் சிங்கள வீடு. சனிக்கிழமை சேதி வந்ததும் தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் கூடுவார்களாம். "காசிம், பத்தரே மொகத கியன்னே?" பத்திரிகை என்ன சொல்கிறது என்று கேட்பார்களாம். இவர் தமிழில் பார்த்துச் சிங்களத்தில் சொல்வார். ஒரு பிரதி, ஒரு கிராமம். அந்த மனிதருடைய வாயை நம்பி அவர்கள் மிளகை நிறுத்துக் கொடுத்தார்கள், அவர் எங்களை நம்பிச் சொன்னார்.

4

என் மகள் ஸரீனாவுக்குப் பதினொரு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் தகப்பனின் தொழில் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களாம். எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினாள். என் தந்தை மலைநாட்டில் ஒரு பத்திரிகை நடத்தினார், மிளகு விலை எல்லாம் போடுவார், கடதாசி கொடுக்காததால் பத்திரிகை நின்றது, அவர் மிகவும் தைரியசாலி. ஆசிரியை பக்கத்தில் நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருந்தார்.

"மிளகுன்னு தமிழ்ல எழுதத் தெரியுமா மகள்?" என்று கேட்டேன்.

"மிளகுன்னா என்ன வாப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மாத்தளைக்காரன் மகள்! அவளைக் குறை சொல்லி என்ன, அவள் கண்டது கடையில் டப்பாவில் விற்கிற தூளைத்தான். ஆனால் என்னை அன்று வாட்டியது அதுவல்ல. என் பொய்யைப் பிள்ளை அழகாக ஆங்கிலத்தில் எழுதி, அதற்கு நட்சத்திரமும் வாங்கி, அறையில் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகிறேன்.

5

எங்கள் பின்பக்கம் முழுவதும் 'மிளகு, கொக்கோ வாங்கப்படும்' என்று ஒரே ஆளுடைய விளம்பரம். ஊரில் ஹாஜியார் என்றால் அவர்தான், மிளகும் கொக்கோவும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற பெரிய வியாபாரி. அவர் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டால்தான் அந்த வாரம் கடதாசி வாங்கலாம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். என் வாப்பாவின் ஜனாஸாவுக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டில் கந்தூரி விருந்து. என்னைத் தன் சஹனில் உட்காரச் சொன்னார். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: சஹன் என்பது பெரிய தட்டம், சோறும் இறைச்சியும் குவித்துவைத்து ஆறு பேர் சுற்றியிருந்து அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவோம். யாரோடு எந்தச் சஹனில் உட்காருகிறோம் என்பதற்கு எங்களிடையே ஒரு கணக்கு உண்டு. ஹாஜியாரின் சஹனில் மௌலவியும் பள்ளிவாசல் தலைவரும் இருந்தார்கள். நடுவில் இருந்த நல்ல தொடைத் துண்டை ஹாஜியார் தன் கையாலேயே பிய்த்து என் பக்கம் தள்ளிவைத்தார்.

கை கழுவும்போதுதான் பேச்சு வந்தது. அந்தக் கிழமை மிளகு திடீரென்று ஏறியிருந்தது. போன வாரம் இறாத்தல் ஒரு ரூபா எண்பது, இந்த வாரம் இரண்டு ரூபா நாற்பது. நான் காலையிலேயே பஸ் நிலையத்தில் கேட்டு ராமையாவிடம் துண்டு கொடுத்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்கு வந்திருந்தேன்.

"தம்பி, நாளைக்கு ஒங்கட பேப்பர்ல மிளகு வெல என்ன?"

சொன்னேன்.

"நாளான்டைக்கு எங்கட லொறி மிளகு வாங்க ஊருக்குள்ள போவுது. இந்த ஒரு கிழம மட்டும் போன கிழம வெலையே ஈக்கட்டும். பொய் எழுதச் சொல்லல்ல தம்பி, மாத்தாம உடுங்க, அவ்வளவுதான்."

என் கையில் நெய் இன்னும் போகவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு எழும்பி, தண்ணீர்ச் செம்பை அந்த மனிதரே பிடித்து ஊற்றிக்கொண்டிருக்கும்போது எந்த நாக்கால் முடியாது என்று சொல்வது? "பாப்போம் ஹாஜியார்," என்றேன். எங்கள் ஊரில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அச்சகத்துக்கு வந்தேன். விலைப் பட்டியலை நாங்கள் வாராவாரம் புதிதாகக் கோப்பதில்லை. கட்டின எழுத்துக் கட்டு அப்படியே இருக்கும், எண்களை மட்டும் பிடுங்கி மாற்றுவோம். ராமையா புது எண்களைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மிளகு ஏறிப்போச்சே மொதலாளி! நாளைக்குப் பேப்பர் பறக்கும் பாருங்க."

"மிளகு இருக்கட்டும் ராமையா. மத்ததை மாத்துங்க."

"இருக்கட்டும்னா?"

"பழையபடியே இருக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன், அல்லது எனக்குத்தான் அப்படிப் பட்டது. "கந்தூரி நல்லாருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். கையிலிருந்த இரண்டையும் நாலையும் சைபரையும் ஒவ்வொன்றாக எழுத்துப் பெட்டியில் அதனதன் குழியில் போட்டார்.

6

சனிக்கிழமை சேதி போனது. ஞாயிற்றுக்கிழமை லொறி போனது. செவ்வாய்க்கிழமை யட்டவத்தப் பக்கத்து ஆள் யாரோ மாத்தளைக்கு வந்து உண்மை விலையைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

புதன்கிழமை காசிம் நானா வந்தார். சண்டை பிடிக்க வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்திரிகையை மூன்றாம் பக்கத்தில் மடித்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இது அச்சுப் பிழதானே?"

ராமையா நாலடி தூரத்தில் யந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா நானா," என்றேன். "அச்சுப் பிழை. விலையை மாத்த மறந்துட்டாங்க."

மறந்துட்டாங்க. யார் மறந்தது? அந்த அறையில் அச்சுக் கோக்கிற ஆள் ஒருவர்தான் இருந்தார். காசிம் நானா திரும்பி ராமையாவைப் பார்த்தார். ராமையா எண்ணெய்ப் போத்தலை மூடிக் கீழே வைத்தார்.

"அப்ப அடுத்த கிழம அதப் போட்டுடுங்க தம்பி. சிங்கள ஆக்களுக்கு நான்தானே வாசிச்சுக் காட்டினேன். ஹாஜியார்ட்ட காசு வாங்கிட்டு நான் ஏமாத்தினேன்னு சொல்றாங்க. பிழன்னு பேப்பர்ல வந்தா நான் கொண்டுபோய்க் காட்டுவேன்."

"போடுறேன் நானா."

அந்த வெள்ளிக்கிழமை பக்கம் கட்டும்போது விலைப் பட்டியலுக்குக் கீழே ராமையா மூன்று வரி இடம் விட்டிருந்தார். "பிழை திருத்தம் எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டார். போட்டால் ஹாஜியார் பின்பக்கத்தை நிறுத்துவார், பின்பக்கம் நின்றால் கடதாசி இல்லை. "அடுத்த கிழமை பாப்போம்," என்றேன். அந்த இடத்தில் 'தினமும் இருமுறை பல் துலக்குவோம்' என்று நிரப்பினார். அடுத்த வாரமும் இடம் விட்டார். அதற்கடுத்த வாரமும் விட்டார். மூன்று வாரம் மாத்தளை மாவட்டம் பல் துலக்கியது. நாலாவது வாரம் அவர் இடம் விடவில்லை, நானும் கேட்கவில்லை.

7

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. முதலில் யட்டவத்தைக்குப் போன பத்திரிகைக் கட்டு திரும்பி வந்தது, கட்டிய சணல்கூட அவிழ்க்கப்படாமல். அப்புறம் நாவுலக் கட்டு. விலைப் பட்டியல் அந்த ஒரு வாரம் தவிர முன்பும் பின்பும் சத்தியமாகச் சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. இன்னும் வேடிக்கை, வாசகன் போனதும் ஹாஜியாரும் பின்பக்கத்தை நிறுத்திவிட்டார். "யாரும் வாசிக்காத பேப்பர்ல போட்டு என்னத்துக்கு தம்பி?" என்றார். நியாயமான கேள்விதான். 

கடதாசிக் கட்டுப்பாடு வந்தது அதற்குப் பிறகு. வந்தது உண்மை. நாங்கள் அதற்கு முன்பே செத்திருந்தோம், கட்டுப்பாடு வந்து எனக்கு ஒரு நல்ல மரணக் காரணம் கொடுத்தது. யந்திரத்தை ராமையாவிடம் விட்டுவிட்டு நான் கப்பல் ஏறினேன். கலியாணக் காட்டு வேலையும் அப்போது குறைந்துதான் இருந்தது. கண்டியில் புது யந்திரங்கள் வந்துவிட்டன, சனம் அங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வருமானத்துக்கு வழி கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பின்பக்கத்து ஆள் போவான் என்று பயந்து நான் மூன்றாம் பக்கத்தை விற்றேன். மூன்றாம் பக்கத்துக்காகத்தான் பின்பக்கத்து ஆள் வந்திருந்தார் என்று அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு ஆளிடம் முழுப் பக்கம் வாங்காதீர்கள், இருபது பேரிடம் இருபது துண்டு வாங்குங்கள், கோபித்துக்கொண்டு ஒருவர் போனால் அந்த இடத்தில் பல் துலக்கலாம். விருந்துக்குப் போவதானால் பத்திரிகை அச்சேறிய பிறகு போங்கள்.

8

இரண்டு மாதத்துக்கு முன்பு, மூன்று நாள் உட்கார்ந்து, ஒரு திருத்தம் எழுதினேன். ராமையாவுக்கு அனுப்பி, துண்டு நோட்டீசாக அடித்து யட்டவத்தப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். எழுதி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூடை இறங்கியதாக நினைத்தேன். எழுதியது இதுதான்:

'திருத்தம். முன்னர் எமது பத்திரிகையில் ஒரு வாரம் வெளியான மிளகு விலை சரியானதல்ல. அவ்வாரம் மாத்தளையில் இறாத்தல் ஒன்றுக்குச் சரியான விலை இரண்டு ரூபா நாற்பது சதம். அதனை வாசித்துச் சொன்னவர்கள் மீது எக்குற்றமும் இல்லை. தவறுக்கு வருந்துகிறோம்.'

போன வாரம் ராமையாவின் பதில் வந்தது. நோட்டீஸ் பிரதி ஒன்றும் உள்ளே இருந்தது, எப்போதும்போல ஒரு எழுத்து சாயாமல் கோத்திருந்தார். கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"மொதலாளிக்கு ராமையா வணக்கம். எல்லாரும் சுகம். நீங்க அனுப்புனத ஒரு எழுத்தும் மாத்தாம அடிச்சுட்டேன். யட்டவத்தைக்கு நானே பஸ்ஸுல கொண்டு போனேன். காசிம் நானா இருக்காரு, கொஞ்சம் தளந்து போயிட்டாரு. கடையில எல்லாருக்கும் சிங்களத்துல வாசிச்சுக் காட்டினாரு. ரொம்ப சந்தோசப்பட்டாரு. பொறகு என்னப் பாத்து, 'ராமையா, நீ அன்டைக்கு மறந்த ஒரு எண்ணுக்கு இவ்வளவு நாள் கழிச்சு உங்க மொதலாளி மன்னிப்புக் கேக்குறாரு பாரு, பெரிய மனுசன்'னாரு. நான் ஒன்னும் சொல்லலீங்க. மொதலாளிக்குத் தெரியாததில்ல, அந்தச் சம்பவத்துக்குப் பொறகு கலியாணக் காட்டுக்கு யாரும் எங்கிட்ட வர்றதில்ல. நாள மாத்திக் கோத்துருவான்னு சொல்றாங்க. இப்ப கடைக்கு ரசீதுப் புத்தகம்தான் அடிக்கிறேன். இன்னொன்னு, எங்களுக்கு இந்தியப் பாஸ்போட்டு வந்துருச்சுங்க. தை மாசம் தலைமன்னாருல இந்தியாவுக்குக் கப்பல். யந்திரத்த என்ன செய்றதுன்னு எழுதுங்க."

யந்திரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். வேறொன்றும் கேட்கவில்லை. ஆறு வருடம் அந்த ஊரில், அந்தச் சனத்துக்கு நடுவில், என் பொய்யை அவர் சுமந்திருக்கிறார். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய திருத்தத்தையும் தன் கையாலேயே கோத்து, பஸ் ஏறிக் கொண்டுபோய், தன் மீது விழுந்த பழியைத் தானே ஊருக்குப் பங்குவைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தன் பிழையல்ல என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கோத்திருக்கலாம். எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் வந்த அழுகை. மனைவி கேட்டபோது சொல்லிவிட்டேன். மகளிடமும் சொன்னேன், தமிழில்தான். விளங்காததற்குத் திரும்பத் திரும்பக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தை பிறக்குமுன் இதை வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் மேலே உள்ளது எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கீழே உள்ளதை மட்டும் போடுங்கள், முடிந்தால் பெரிய எழுத்தில்.

மிளகு விலையை ராமையா பிழையாகக் கோக்கவில்லை. சரியான எண்களை அவர் கையில் எடுத்துவைத்திருந்தார். திரும்பப் பெட்டியில் போடச் சொன்னவன் நான்.